வீராயி வீட்டுக்குப் போன எண்ணெய்

கோடைமலையின் மேற்குச் சரிவில், ஒரு பெரிய பாறையை ஒட்டிக் குடில் போட்டுக்கொண்டு சாமியார் ஒருவர் இருந்தார். ஊரார் அவரைப் பாறைச்சாமி என்று அழைத்தார்கள். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது. அவருடைய சீடர் பிச்சமுத்துவோ அறுபதைத் தாண்டியவர். திண்டுக்கல்லில் மரக்கடை வைத்திருந்து, அதைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறியவர். ஒருமுறை காதில் விழுந்த நல்ல வார்த்தையை மறக்காதவர்.

அந்தத் தை மாதம் உறைபனி கடுமையாக இறங்கியது. சரிவுக்குக் கீழே பூண்டு பயிரிடும் சிற்றூர் ஒன்று உண்டு. அங்கே வீராயி என்பவளின் புருஷன் இறந்துபோனான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிந்த பிறகு வீராயி அடுப்பு மூட்டவே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆடை படிந்து அப்படியே கிடந்தது. கேட்டவர்களிடம் எல்லாம், “யாருக்கு மூட்டணும்?” என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை. இப்படியே விட்டால் இவளும் பின்னாலேயே போய்விடுவாள் என்று ஊர் பயந்தது.

பாறைச்சாமி பிச்சமுத்துவை அனுப்பிவைத்தார். அவர் போய் உட்கார்ந்து, உடம்பு நிலையில்லாதது என்பதையும், உயிருக்குச் சாவில்லை என்பதையும், வந்தவர் எல்லாரும் போகத்தான் வேண்டும் என்பதையும் கோவையாக எடுத்துச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. வீராயி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பிச்சமுத்து குருவின் முன்னால் வந்து நின்றார்.

“சாமி, நான் சொன்னதிலே ஏதாவது பொய் உண்டா?”

“இல்லை.”

“அப்புறம் ஏன் அது உள்ளே போகலை?”

சாமி கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். இரவுக் காற்றில் ஒரு சீகை மரம் வீராயி வீட்டுப் பாதையில் சாய்ந்துவிட்டதாகவும், கஞ்சிப் பானையோடு பெண்கள் தாண்ட முடியவில்லை என்றும் கீழிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“ரம்பத்தை எடுங்க, ஐயா. பாதையைத் திறப்போம்” என்றார் சாமி.

குடிலில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் ஒன்று இருந்தது. அதன் எஞ்சினுக்குப் பெட்ரோல். நீண்ட இரும்புப் பட்டையைச் சுற்றி ஓடும் சங்கிலிக்குத் தனியாக எண்ணெய். அந்த எண்ணெய் திரும்பி வருவதில்லை. சங்கிலியை நனைத்து, மரத்தூளோடு மண்ணில் போய்விடும்.

மரம் விழுந்த இடத்தில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பிச்சமுத்து ரம்பத்தை ஓடவிட்டு, அதன் நுனியைப் பனி பூத்த புல்லுக்கு நேரே காட்டினார். எண்ணெய் வந்தால் அந்த வெள்ளையில் மெல்லிய கோடு ஒன்று விழ வேண்டும். விழவில்லை. போகப்போக வந்துவிடும் என்று மரத்தில் வைத்து அழுத்தினார். இரும்புப் பட்டை புகைந்தது. சூடேறிய சங்கிலி தொய்ந்து தொங்கியது. அணைத்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்தார். எண்ணெய் பாகு போல இறுகிக் கிடந்தது.

வத்தலக்குண்டில் கடைக்காரர் இரண்டு வகை எண்ணெய் டின்களை எடுத்துக் காட்டியிருந்தார். மலைக் குளிருக்கு இளகலானது போதும், கெட்டியானது வெயில் காலத்துக்குத்தான் என்று சொல்லியும் இருந்தார். நீங்கள் கடை திறப்பதற்கு முன்பே நான் ரம்பம் ஓட்டியவன் என்று சொல்லிவிட்டுப் பிச்சமுத்து கெட்டியானதைத்தான் வாங்கினார். அவர் கற்றதும் தப்பில்லை. திண்டுக்கல் வெயிலில் இளகல் எண்ணெய் சங்கிலியில் நிற்காமல் சிதறிப் போகும். கெட்டியானதுதான் ஒட்டி நிற்கும்.

இதையெல்லாம் சாமியிடம் சொல்லி முடித்து, “சரக்கு நல்ல சரக்குதான் சாமி. இந்தக் குளிர்லே இறங்க மாட்டேங்குது” என்றார்.

சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் அந்தச் சரிவுக்கு உச்சிப்பொழுதில்தான் வரும். அங்கேயே தீ மூட்டலாம் என்றால் சுள்ளி எல்லாம் பனியில் ஊறியிருந்தது. சாமி, கூடக் கொண்டுவந்திருந்த எண்ணெய் டின்னை எடுத்துக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டார். கீழே குனிந்து, மண்டியிட்டு, கிளைகளுக்கு அடியில் ஊர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டார். பிச்சமுத்துவும் முட்டி வலியோடு பின்னால் ஊர்ந்தார்.

வீராயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாமி வாசலில் நின்றார். உயிரைப் பற்றிப் பேசவில்லை, துக்கம் கேட்கவில்லை.

“ஆத்தா, எண்ணெய் உறைஞ்சு போச்சு. மரம் அறுக்க முடியலை” என்றார்.

கம்பளி அசையவில்லை. பிச்சமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.  

வெகுநேரம் கழித்து வீராயி திரும்பிப் பார்த்தாள். முதலில் டின்னை. பிறகு, நீலம் பாரித்துப்போன சாமியின் விரல்களை.

“மலைக்கு இந்த எண்ணெயை எவன் வாங்கினது?”

சாமி பிச்சமுத்துவைக் காட்டினார்.

“நேத்து அத்தனை பேசினாரே, அவரா?” என்றாள் வீராயி.

பிச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். கால் தள்ளாடியது. அடுப்பில் கிடந்த பழைய சாம்பலை அள்ளி ஒதுக்கினாள். தாங்க முடியாமல் பிச்சமுத்து தீப்பெட்டிக்குக் கை நீட்டினார். தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொள்ளத் தெரியும் என்று சொல்லி அவர் கையைத் தட்டிவிட்டாள். டின்னைத் தீயில் காட்டப் போனதற்கும் அவரைத் திட்டினாள். வெந்நீரில்தான் வைக்க வேண்டுமாம். தேங்காய் எண்ணெயை இளக்கத் தெரியாத ஆம்பிளை எண்ணெய் வாங்கப் போனானாம்.

தண்ணீர் கொதித்தது. அதை இறக்கி டின்னை உள்ளே நிற்கவைத்தாள். அடிக்கடி விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எரிகிற அடுப்பைப் பார்த்தாள்.

“அடுப்பு சும்மா எரியுதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூலையில் கிடந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தணலில் புதைத்தாள்.

பிச்சமுத்து பார்த்திருந்தார். வெளியே, விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம், பெண்கள் பேசிக்கொண்டிருந்த குரல்கள் சட்டென்று நின்றுபோயின. வீராயி வீட்டுக் கூரை வழியாகப் புகை எழுவதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி மெதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டதை அவர் கதவிடுக்கு வழியே கண்டார். பல கோயில்களில் தீபாராதனை பார்த்தவர் அவர். அன்றைக்கு அந்த விறகுப் புகைக்கு முன்னால் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்க வீராயி ஒன்றைப் பிட்டாள். ஊதி ஊதி ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள். பிறகு மற்றதையெல்லாம் எடுத்து இருவருக்கும் முன்னால் வைத்து, சூடாறும் முன்னே தின்னச் சொன்னாள். அவளும் உட்கார்ந்து இன்னொன்றை உரித்தாள்.

எண்ணெய் இளகி வந்தது. பிச்சமுத்து சங்கிலியை இழுத்து முறுக்கி, எண்ணெயை ஊற்றி, ரம்பத்தைப் புல்லுக்கு நேரே காட்டினார். வெண்பனியின் மேல் கோடு நேராக விழுந்தது. அவர் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மரத்தை அறுப்பதற்குள் மூடுபனி ஏறிவிட்டது. அடிமரம் அப்படியே மிச்சமிருந்தது. வீராயி வாசல்வரை வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

இருவரும் மேலேறினார்கள். குடிலை நெருங்கியதும் பிச்சமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டின்னு காலியாகப் போகுது, சாமி. விடியக்காலை பஸ்ஸிலே போய் வாங்கிட்டு வந்துடறேன். குளிருக்கு எந்த எண்ணெய் வாங்கட்டும்?”

“இதையே வாங்குங்க.”

“இது உறைஞ்சு போகுதே, சாமி.”

“ஆமாம்” என்றார் சாமி. “நாளைக்கும் உறையும்.”