முனியப்பன் ஜீப்புக்கு மெருகிட்ட வேடியப்பனார்

ஊரான் காரில் ஒட்டிய சேற்றையும் காக்கை எச்சத்தையும் கழுவி வயிறு வளர்த்தவர் வேடியப்பனார். தருமபுரியைத் தாண்டிப் பெங்களூர் போகும் பெருஞ்சாலையில் கல்லாத்துப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே ஜெயபால் என்பவன் வைத்திருந்த தகரக் கொட்டகையில் அவருக்கு வேலை. கார் பெயிண்டுக்கு மெருகு ஏற்றுவது. அவர் நகக்கண்ணில் காம்பவுண்ட் பசை எப்போதும் வெள்ளையாக அப்பியிருக்கும். சோறு தின்னும்போதும் அந்த வாடை போகாது.

ஊர் எல்லையில் கையில் அரிவாளோடு கருங்கல் முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார். வேடியப்பனார் விடிந்ததும் அங்கேதான் போவார். சாமிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒட்டிக்கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கை விரலால் வழித்து எடுத்து, ஈரம் போகத் துடைத்து, கடைசியில் சந்தனம் சாத்துவார். பிறகு கொட்டகைக்குப் போனால் காருக்கும் அதே வரிசைதான். முதலில் கழுவுவார். கழுவியும் போகாத கல்குவாரித் தூசியை, அதற்கென்று விற்கும் களிமண் கட்டியால் தடவித் தடவி எடுப்பார். அதற்கு அப்புறம்தான் காம்பவுண்ட் போட்டுக் கீறலை எடுப்பார். பிறகு மெல்லிய பாலிஷ். எல்லாவற்றையும் துடைத்து, நிழலில் ஆறவிட்டு, முடிவாக வாக்ஸ் பூசுவார். அவசரப்படுத்துகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வார்: "வாக்ஸ் வண்டிக்குக் காப்பு. காப்பு சாத்தின பிறகு சாமியைத் தேய்ப்பாங்களா?"

அந்த ஊர்ச் சாமிக்குத் தேர் கிடையாது. ஒரு பழைய வெள்ளை ஜீப்தான் தேர். ஆடி மாதம் சாமி அதில் ஊர்வலம் போகும். குடிக்கிறவன் அந்த ஜீப்பைத் தொடக்கூடாது என்பது கட்டு. திருவிழாவுக்கு முன்னால் அதற்கு மெருகு ஏற்றுகிற வேலையை வேடியப்பனார் கூலி வாங்காமல் செய்துவந்தார். வருடத்துக்கு ஒரு தடவை சாமியின் வண்டியைத் தொடுவதற்காகத்தான் மற்ற நாளெல்லாம் உயிரோடு இருப்பதாக அவர் மனைவி மாதம்மாளிடம் சொல்லியிருக்கிறார்.

ஊர்வலத்தன்று இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் மேல் பழி இருந்தால், அவன் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு ஆலத்தில் கையை முக்கி, ஜீப்பின் பானெட்டில் பதித்துச் சத்தியம் செய்ய வேண்டும். மறுநாள் பூசாரி ஈரத்துணியால் துடைப்பார். கை அழிந்தால் அவன் மேல் குற்றமில்லை. எல்லா வருடமும் அழிந்தது. யோக்கியன் கையும் அழிந்தது, திருட்டுப்பயல் கையும் அழிந்தது. வேடியப்பனார் பூசிய காப்பு அப்படி. சாமியும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அரிசி மில்காரர் தம் புது சிவப்புக் காரைக் கொட்டகையில் விட்டுப் போனார். அன்று மதியம் ஜெயபால் நன்றாக ஊற்றிக்கொண்டு வந்தான். கூட வந்த சிநேகிதர்களிடம் கெத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வேடியப்பனார் கையிலிருந்த பாலிஷ் மிஷினைப் பிடுங்கிக் கதவின் விளிம்பில் வைத்து ஓட்டினான். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும். அங்கே மிஷினை நிறுத்தவே கூடாது. அவன் நிறுத்தினான். சூடேறிப் பெயிண்ட் வெந்து, அடியில் இருந்த சாம்பல் பூச்சு பல்லைக் காட்டியது.

சாயங்காலம் மில்காரர் ஆட்களோடு வந்து நின்றார். ஜெயபால் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இவன்தாங்க. காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டான். நான் அப்பவே சொன்னேன், மிஷினைத் தொடாதடான்னு."

மில்காரர் அறைந்த அறையில் வேடியப்பனாரின் காதில் ரத்தம் வந்தது. அவர் குடித்திருக்கிறாரா என்று வாயை மோந்து பார்க்கக்கூட அங்கே ஒருவனுக்கும் தோன்றவில்லை. சனங்கள் அப்படித்தான். அடி வாங்குகிறவன்தான் தப்புச் செய்திருப்பான் என்று வைத்துக்கொள்வார்கள்.

"முனியப்பன் பாத்துக்கினு இருக்கான் ஜெயபாலு," என்றார் வேடியப்பனார்.

"பாத்தானா? வந்து சாட்சி சொல்லச் சொல்லு. வரும்போது ஆதார் கார்டு எடுத்துக்கினு வரச் சொல்லு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேலை போனது பெரிதில்லை. பூசாரி மாரப்பன் வீடு தேடி வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்: "குடிகாரன்னு பேராயிடுச்சு வேடியப்பா. இனிமே நீ சாமி ஜீப்பைத் தொடக்கூடாது. ஜெயபாலே செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டான்." அதுதான் அவரைக் கொன்றது.

பிறகு அவர் டீக்கடை ஓரத்தில் வாளியோடு நின்று லாரிக் கண்ணாடி துடைத்தார். "அடியாரே, ஒரு கட்டிங் போடலாமா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். வாழ்நாளில் சாராயத்தை நாக்கில் வைக்காத மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

மாதம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஓசூர்ல எங்க அண்ணன் இருக்குது. போயிரலாம் வாங்க. உங்க முனியப்பன் அரிவாளைத் தலைக்கு வெச்சுத் தூங்கறாரு."

"தூங்கல. குறி பாக்கறாரு," என்றார் அவர்.

மற்ற அடியார்கள் தமக்குத் தீங்கு செய்தவனை மன்னிக்கச் சொல்லி வேண்டியதாகச் சொல்வார்கள். இருக்கலாம். வேடியப்பனார் அப்படி வேண்டவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றி, பிசுக்கு எடுத்து, துடைத்து, சந்தனம் சாத்திவிட்டு, சாமியின் காதருகே போய், "எனக்கு வேலை வேணாம். சோறு வேணாம். அவனை மட்டும் விட்டுறாத," என்றே கேட்டார். முனியப்பன் கையில் இருப்பது தாமரைப்பூ அல்ல. யாரிடம் எதைக் கேட்க வேண்டுமோ அதைத்தான் அவர் கேட்டார்.

ஆடி வந்தது. ஜெயபால் சாமி ஜீப்பை எடுத்துப் போனான். வேலையை என்றைக்கும் அவன் கண்ணால் பார்த்ததுதான், கையால் செய்ததில்லை. பளபளப்புத்தானே வேண்டும் என்று எடுத்ததும் வாக்ஸைப் பூசினான். வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியதும், அடியில் இருந்த கீறலெல்லாம் சிலந்தி வலை மாதிரி தெரிந்தது. அதற்குள் மேளச்சத்தம் கேட்டுவிட்டது. பதறிப்போய் வாக்ஸின் மேலேயே காம்பவுண்டைப் போட்டு மிஷினை ஓட்டினான். கீறல் போயிற்று. கூடவே காப்பும் போயிற்று. பெயிண்ட் அம்மணமாக நின்றது. பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. சனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

பூசாரி செம்புத் தண்ணீரைப் பானெட்டில் தெளித்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வேடியப்பனார் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். காப்பு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இங்கே ஓடாமல் தரையில் கொட்டிய மாதிரி அப்பிக்கிடந்தது. பிறகு கதவு இடுக்கைப் பார்த்தார். துடைக்காத காம்பவுண்ட் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து முன்னே வந்தார்.

"பூசாரி, எனக்கு ஒரு பழி தீர்க்கணும். ஜெயபாலைக் கை வைக்கச் சொல்லுங்க."

ஜெயபால் சிரித்தான். "வைக்கறேன்பா. ரெண்டு கையும் வைக்கட்டுமா? எத்தனை வருசமா பாக்கறோம், எவன் கை ஒட்டிக்கினு இருந்துச்சு?"

"ஒண்ணு போதும்," என்றார் வேடியப்பனார்.

அவன் மணிக்கட்டு வரைக்கும் ஆலத்தில் முக்கினான். நடு பானெட்டில் பட்டென்று வைத்து, "மிஷினை நான் தொடல. இவன்தான் குடிச்சிட்டுக் காரைக் கெடுத்தான். பொய்யின்னா முனியப்பன் என்னைக் கேக்கட்டும்," என்று ஊர் கேட்கச் சொன்னான். மேளம் முழங்கியது. உச்சி வெயிலில் ஊர்வலம் ஊரைச் சுற்றியது. ஆலம் அப்படியே காய்ந்தது.

மறுநாள் காலையில் ஊர் கூடி நிற்க, பூசாரி ஈரத்துணியை எடுத்துத் துடைத்தார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. கை போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தார். ஐந்து விரலும், உள்ளங்கை மேடும், ஜெயபாலின் கோணல் சுண்டுவிரலும், வெள்ளைப் பெயிண்டில் பச்சை குத்தியது மாதிரி சிவப்பாகக் கிடந்தன. துணி பூசாரியின் கையிலிருந்து விழுந்தது. அவர் உடம்பு குலுங்கியது. அருள் வந்துவிட்டது.

"புடிச்சிட்டேன்டா கையை. சாட்சிக்குக் கூப்பிட்டியே, வந்துட்டேன்டா," என்றார் அவர் வாயிலிருந்து முனியப்பன். "என் வண்டிக்காரன் எங்கடா? அவனை ரோட்டுல நிறுத்திட்டு என்னை எவன் கையில குடுத்தீங்க?"

வாளியோடு லாரி ஓரத்தில் நின்றவரை ஊரே போய் அழைத்துவந்தது. முன்பு கட்டிங் கேட்டவன் அவருக்கு மாலை எடுத்துவந்தான். மில்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஜெயபால் தரையில் விழுந்து வேடியப்பனாரின் காலைப் பிடித்தான்.

"நான்தான்பா குடிச்சேன். நான்தான் மிஷினை வெச்சேன். சொல்லிட்டேன் இல்ல? இதை எடுத்து விட்டுருண்ணா. உனக்குத் தெரியும். உன்னால எடுக்க முடியும்."

"முடியும்," என்றார் வேடியப்பனார். "காம்பவுண்ட் போட்டாப் போயிரும். போட மாட்டேன்."

"பொண்டாட்டி பிள்ளைங்க இந்தப் பக்கம் எப்பிடிண்ணா வரும்?"

"எம்பொண்டாட்டி வந்தாளே."

பூசாரி ஜீப்பின் சாவியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வேடியப்பனார் குளித்துவிட்டு வந்து, வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்தினார். கழுவினார். களிமண்ணால் தூசி எடுத்தார். காம்பவுண்ட் போட்டார், பாலிஷ் போட்டார். அந்தக் கையின் விளிம்பு வரைக்கும் போய், ஒரு மயிரிழை உள்ளே போகாமல் சுற்றி வந்தார். எல்லாம் துடைத்து ஆறிய பிறகு வாக்ஸை எடுத்தார். சாமிக்குச் சந்தனம் சாத்துகிற அதே இரண்டு விரலால், முதலில் அந்தக் கையின் மேல்தான் பூசினார். விரல் விரலாகப் பூசினார். மழையும் வெயிலும் இனி அதைத் தொடாது.

அவர் தெரிந்துதானே கை வைக்கச் சொன்னார், இதில் சாமி எங்கே வந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. தெரிந்துதான் சொன்னார். அந்த அறிவை அவர் கையில் வைத்தவர் யார், பொய்யனை வரிசை தவற வைத்தவர் யார் என்பதை அவர்கள்தான் சொல்லட்டும்.

வேடியப்பனார் இருந்தவரைக்கும் ஆடி தவறாமல் அந்தக் கைக்குக் காப்புச் சாத்தினார். பழி சுமந்த நாளிலும் பூசையின் வரிசை பிசகாத அந்தப் பெரியவரின் வெள்ளை படிந்த விரல்களை முனியப்பன் என்றும் தம் அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாராக.