ஆள்காட்டியின் வர்ணனை

ஒரு காட்டில் அன்று ஓட்டப் பந்தயம்! வற்றிக்கொண்டிருந்த குளத்தைச் சுற்றி ஒரே கூட்டம்.

அந்தக் காட்டின் காவலாளி ஆள்காட்டிக் குருவி. எதிரி வந்தால் அது கத்தும். எல்லோரும் ஓடி ஒளிந்துகொள்வார்கள். அன்று வர்ணனை செய்ததும் அதுதான்.

"இதோ மான் முந்துகிறது! இல்லை, காட்டுப்பன்றி! அடடா, சேற்றைப் பார்த்ததும் பன்றி படுத்துவிட்டது!"

கூட்டம் துள்ளியது. புதருக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் ஓயாமல் கேட்டது:

"இன்னும் சத்தமாக, அக்கா! இங்கே கேட்கவில்லை!"

ஆள்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் உரக்கக் கத்தியது.

நான்காம் பந்தயத்தில் தொண்டை கரகரத்தது. ஆறாம் பந்தயத்தில் எரிந்தது. தண்ணீர் குடித்தது. காலையில் சுகமாக இறங்கிய அதே தண்ணீர் இப்போது முள்ளாகக் குத்தியது!

"கொஞ்சம் வாயை மூடு, அக்கா!" என்றது தவளை. "மழைக்காலத்தில் கத்திக் கத்தி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொண்டை புண்ணானால் எச்சில் விழுங்கினாலும் வலிக்கும்."

"போடா தம்பி! இனிமேல்தான் முயல்குட்டிகளின் ஓட்டம். இப்போது போய் வாயை மூடுவதா?"

ஏழு முயல்குட்டிகள் பாய்ந்தன.

"வெள்ளைக்காது முதலில்! குட்டைவால் விடுவதாக இல்லை! இதோ... இதோ..."

குரல் நின்றுவிட்டது.

அந்த நொடியில் புதர் விலகியது. நரி! இவ்வளவு நேரம் 'இன்னும் சத்தமாக' என்று கேட்டது அதுதான். முயல்குட்டிகளோ நேராக அதன் பக்கமே ஓடிக்கொண்டிருந்தன.

ஆள்காட்டி வாயைத் திறந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

சட்டென்று பறந்து போய் நரியின் முன்னே விழுந்தது. ஒடிந்ததுபோல் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தியது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இரை! நரி அதன் பின்னால் பாய்ந்தது. முட்புதர் வரை இழுத்துப்போன ஆள்காட்டி, விர்ரென்று மேலே எழும்பியது. நரியின் வாயில் இரண்டு இறகுகளும், மூக்கில் நாலைந்து முட்களும்தான் மிச்சம்!

"நரி! நரி!" என்று தவளை கத்த, குட்டிகள் அதற்குள் வளைக்குள் புகுந்துவிட்டன.

பத்து நாட்கள் ஆள்காட்டி வாயே திறக்கவில்லை. அடுத்த பந்தய நாளில் ஓர் ஓட்டத்துக்கு அது வர்ணனை செய்தது. மறு ஓட்டத்துக்கு மைனா.

புதருக்குள் மறுபடியும் அதே குரல்: "இன்னும் சத்தமாக, அக்கா!"

"உங்களுக்கென்றே மிச்சம் வைத்திருக்கிறேன், நரியாரே!" என்றது ஆள்காட்டி. பிறகு காடே அதிரக் கத்தியது.

நீதி: தொண்டை வலிக்கத் தொடங்கும்போதே குரலுக்கு ஓய்வு கொடுத்தால், ஆபத்து நேரத்தில் அது கைவிடாது.