வரேன் என்று சொன்னவர்களின் இலை

கையில் முருங்கைக்கீரை. இதை உருவி முடிக்கிறவரைக்கும்தான் எனக்கு நேரம், அதனால் வேகமாகச் சொல்கிறேன். எங்கேயாவது தடுமாறினால் சிரிக்காதீர்கள்.

ராஜாக்கள் யானை மேல் போன அந்தக் காலத்தில், ஓடைக்கரை என்று ஒரு சின்ன ஊர். அதில் ஆவுடையப்பன் என்று ஒரு மனுஷர், செக்கு ஆட்டிப் பிழைத்தார். ரொம்ப நல்லவர், ஆனால் கொஞ்சம் ஒரு மாதிரி. எவனுக்கோ ஒரு காலில் முள் குத்தியதென்று தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மற்றதை மாட்டிக்கொண்டு ஆறு மாதம் நடந்தார். வெயிலில் செக்குமாட்டுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, தான் வெறுந்தலையோடு நின்றார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, அந்த இலை.

ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் 'போறேன்' என்றா சொல்கிறோம்? அது ஆகாது. 'போய்ட்டு வரேன்' என்போம். வாய் தானாகச் சொல்லும். ஆவுடையப்பன் மட்டும் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டார். காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் தனியாக ஓர் இலை போட்டுச் சோறு வைப்பார்.

"யாருக்கு?" என்று மனைவி கோமதி கேட்டால், "வரேன்னு சொல்லிட்டுப் போனவங்களுக்கு" என்பார்.

யாரும் வராவிட்டால் அது மாட்டுக்குப் போகும். "தலைப்பாகையும் கட்டிக்கிட்டு இலைச் சாப்பாடும் சாப்பிடுது. மாடா, மாப்பிள்ளையா?" என்று ஊரே சிரித்தது.

ஒருநாள் உப்பு விற்கிறவன் திரும்பி வந்து அந்த இலையில் சாப்பிட்டான். ஒருநாள் வளையல்காரர் வந்து சாப்பிட்டார். மூன்றாவதாக வந்தவளால்தான் வம்பு.

அவள் பெயர் நாச்சியார். அந்த ஊருக்கு வாழ வந்த பெண். வந்த வருஷமே புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். மழையும் பெய்யவில்லை. ராசி கெட்டவள் என்று ஊர் கூடி அவளைத் துரத்தியது. போகிற வழியில், இரவல் வாங்கிய எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுக்க ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தாள். கொடுத்துவிட்டு, பழக்கத்தில், "போய்ட்டு வரேன் மாமா" என்றாள்.

"வா தாயி" என்றார் அவர்.

ஒரு வருஷம் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தாள், கையில் குழந்தையோடு. துரத்தும்போது அது வயிற்றில் இருந்தது ஒருவருக்கும் தெரியாது. பிறந்த வீட்டிலும் அவளுக்கு யாரும் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்ததே கொஞ்சம் கம்மஞ்சோறு. அதில் பாதி அந்த இலையில் இருந்தது. அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சேதி தெரிந்து ஊர் வாசலில் கூடியது. ஊருக்குப் பெரியவரான உலகநாதன் உள்ளேயே வந்துவிட்டார்.

"இவ உனக்கு உறவா?"

"இல்லைங்க."

"பங்காளி வீட்டுப் பொண்ணா?"

"இல்லைங்க."

"பின்னே எதுக்குய்யா சோறு போடுறே?"

"வரேன்னு சொல்லிட்டுப் போனா. வந்திருக்கா."

"கிறுக்கா! அது வாய்ப்பழக்கம். அதுக்கு அர்த்தமே கிடையாது."

"எனக்கு இருக்குங்களே."

உலகநாதனுக்கு முகம் சிவந்தது. "இப்பவே ரெண்டு பேரையும் வெளியே அனுப்பு. இல்லாட்டி இந்த வீட்டு வாசலை இனி ஒருத்தரும் மிதிக்கக் கூடாது. தண்ணி கிடையாது, நெருப்பு கிடையாது, உன் எண்ணெய் வாங்க ஆளும் கிடையாது."

நாச்சியார் பிள்ளையை வாரிக்கொண்டு எழுந்தாள். கோமதி அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"அனுப்ப மாட்டேங்க" என்றார் ஆவுடையப்பன்.

உலகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பினார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தார். அறுபது வருஷப் பழக்கம், குனிந்தபடியே, "சரி, போய்ட்டு வரேன்" என்றுவிட்டார்.

வாசலில் நின்ற கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது.

"கோமதி, ஐயாவுக்கு ஒரு இலை போடு" என்றார் ஆவுடையப்பன்.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விளக்கு ஏற்றிய நேரத்தில், ஒரு வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? உலகநாதன் மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் மூடினார். அப்புறம் மெதுவாகத் திரும்பி வந்து நாச்சியாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். குழந்தை அவர் துண்டைப் பிடித்து இழுத்தது. அவர் விடுவிக்கவில்லை.

ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்லையே" என்று முணுமுணுத்தார்.

"உப்புக்காரன் வரேன்னு சொல்லியிருக்கான்" என்றார் ஆவுடையப்பன்.

பெரியவரே மிதித்த வாசலை மற்றவர்கள் மிதிக்க என்ன தடை? நாச்சியார் அந்த ஊரிலேயே இருந்து பிள்ளையை வளர்த்தாள்.

ரொம்ப வருஷம் கழித்து ஆவுடையப்பனுக்கும் காலம் முடிந்தது. சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்றார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் நாச்சியார் தன் வீட்டில் கூடுதலாக ஓர் இலை போட்டாள். உலகநாதன் வீட்டிலும் போட்டார்கள். அப்புறம் தெருவுக்குத் தெரு போட்டார்கள்.

திரும்பி வருகிறவருக்கு ஓர் இடம் வைத்திருப்பதே எல்லாக் கொடையிலும் பெரிய கொடை.

கீரையும் முடிந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, அது வளர்ந்து பெரியவனாகி அதே செக்கடியில்... "அடி செண்பகம், பிள்ளை அழுவுது, காதுல விழலையா?" விழுது அத்தை, இதோ. நீங்கள் இருங்கள், நான் போய்ட்டு