லேப்டாப்புக்கு ஒரு பரிகாரம்

மேனேஜர் தில்லைநாயகம் ராகுகாலம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவருடைய லேப்டாப்பில் தோசை வார்க்கலாம், அவ்வளவு சூடு. அதன் ஃபேனோ மாவு மில்லாய் இரைந்தது.

"ஃபேனை ஓட்டுற ஃபர்ம்வேருக்கு அப்டேட் போட்டா சரியாயிடும் சார்" என்றாள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சுகந்தி.

"இன்னைக்கு அஷ்டமி. புதுசா எதையும் போடாம சத்தத்தை நிறுத்து. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

"அப்போ இது கண்திருஷ்டி சார். பரிகாரம் இருக்கு. அரைமணி நேரம் நீங்க லேப்டாப்பைத் தொடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது."

மனுஷன் கிழக்கே பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்தார். அவள் அப்டேட்டைப் போட்டாள். ஃபேன் அடங்கியது.

"பார்த்தீங்களா, திருஷ்டிதான்" என்று ஆபீஸையே கூட்டினார்.

"இல்லை சார், நீங்க தள்ளித் தள்ளிப் போட்ட அப்டேட்தான்" என்று திரையைக் காட்டினாள்.

"அப்புறம் நான் எதுக்கு வாயை மூடணும்?"

"சத்தம் ரெண்டு இடத்துலேருந்து வந்துச்சு சார்."