எட்டு விநாடிக் குரங்கு

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலேயே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அது என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை.

“மேடம், என் குரங்குக்குச் சிரிப்பு வரலை,” என்றார் சங்கிலிமுத்து.

காவல்துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்து, ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு மாதமே ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் அனிமேஷன் படிக்கச் சேர்ந்துவிட்டார். வகுப்பில் மற்ற பதினோரு பேரும் பத்தொன்பது வயதைத் தாண்டாதவர்கள். பாடம் நடத்திய ஜெஸிந்தாவுக்கு இருபத்தாறு.

கேள்வி கேட்கும்போது எழுந்து நிற்பார். விறைப்பாக.

“உட்காருங்க சார்.”

“இருக்கட்டும் மேடம்.”

திரையில் அவருடைய குரங்கு வாயை அகலத் திறந்து தோளைக் குலுக்கியது. மறுபடி குலுக்கியது.

“ஏட்டையா, அதுக்குப் பல்லு வலியா?” என்றாள் நசீமா. வகுப்பின் வாயாடி.

“அழுவுதுடி, பாவம்,” என்றது பின் வரிசை.

கடைசிப் பயிற்சி அதுதான். ஒரு குரங்கு சிரிக்க வேண்டும். எட்டு விநாடி. விநாடிக்கு இருபத்து நான்கு படம். வெள்ளிக்கிழமை கல்லூரி அரங்கில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுவார்கள். அன்று செவ்வாய்.

“சிரிக்கிறவங்க வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் வரைஞ்சேன் மேடம். வாய் சரியா இருக்கு. பல்லு சரியா இருக்கு. எண்ணிட்டேன்.”

“எதுக்கு சார் இந்தப் படிப்புக்கு வந்தீங்க?”

அவர் திரையில் குரங்கை நிறுத்தினார்.

“நான் டீக்கடைக்குள்ள நுழைஞ்சா, சிரிச்சுக்கிட்டு இருக்கிறவங்க நிறுத்திருவாங்க. கல்யாண வீட்டுலயும் அப்படித்தான். முப்பத்து மூணு வருஷம். ஒரு தடவையாவது என்னால நாலு பேரு சிரிக்கணும் மேடம். வெள்ளிக்கிழமையும் நடக்கலைன்னா விட்டுருவேன். இனி எனக்கு வராது.”

ஜெஸிந்தா கைப்பேசியை எடுத்து அவரைப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

“அட்டென்ஷன்!”

குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன.

“நான் சொல்ற வரைக்கும் சிரிக்கக் கூடாது.”

“சரி மேடம்.”

“நசீமா, முன்னால வா. ஏட்டையா மாதிரி செஞ்சு காட்டு.”



“அய்யோ மிஸ், எந்த ஏட்டையா?”

“தினமும் கேன்டீன்ல செய்யுறியாமே. அதே ஏட்டையா.”

நசீமாவின் முகம் வெளிறியது. பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். வயிற்றை முன்னால் தள்ளினாள். கணினியைப் போட்டாள். திரை விழித்ததும் அதற்கு ஒரு சல்யூட் வைத்தாள். மௌஸை இழுத்தாள். அம்புக்குறி திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது.

“டேய்! எங்கடா ஓடுற? நில்லு! பேரென்ன? அப்பன் பேரென்ன?”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஏட்டையாவையே பார்த்தார்கள்.

நசீமா அம்புக்குறியைத் துரத்திப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். குனிந்து, அதன் காதோடு சொன்னாள்:

“உண்மையைச் சொல்லிரு தம்பி. விட்டுடறேன்.”

ஏட்டையா மின்விசிறியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“போதும்,” என்றாள் ஜெஸிந்தா. கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். “இந்தாங்க சார். எட்டு விநாடி எடுத்துக்குங்க.”

“இதுல நான் சிரிக்கவே இல்லையே மேடம்?”

“ஆமா சார்.”

அவள் அடுத்த மாணவனிடம் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்து தன்னையே ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார். முதலில் மூக்கு விடைத்தது. பிறகு மீசையின் இடது நுனி. குரல்வளை ஏறி, இறங்க மறந்து நின்றது. காது பின்னால் போனது. தன் காது அசையும் என்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. செருப்புக்கு மேலே கால் விரல்கள் மடங்கின.

வாய் மட்டும் அசையவில்லை.

அவர் குரங்கின் பற்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை அரங்கில் பதினோரு குரங்குகள் சிரித்தன. உருண்டு சிரித்தன, கிளையில் தொங்கிச் சிரித்தன. மரியாதையான கைதட்டல் கிடைத்தது.

பன்னிரண்டாவது குரங்கு விறைப்பாக நின்றது.

இரண்டாம் விநாடியில் அதன் மூக்கு விடைத்தது. நாலாம் விநாடியில் காது நகர்ந்தது. முன் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். ஆறாம் விநாடியில் வாலின் நுனி நடுங்கத் தொடங்க, குரங்கு எங்கேயோ பார்த்தபடி அதைக் காலால் மிதித்துக்கொண்டது.

அரங்கு வெடித்தது.

“இன்னொரு தடவை! இன்னொரு தடவை!”

நாலு தடவை போட்டார்கள். நசீமா நாற்காலியிலிருந்து கீழே விழுந்தாள்.

கல்லூரி முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “சிரிக்கிற குரங்குதானேம்மா வரையச் சொன்னீங்க? இது சிரிக்கவே இல்லையே?”

“மார்க்கைக் குறைச்சிரலாமா சார்?” என்றாள் ஜெஸிந்தா.

முதல்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்.

இதை எனக்குச் சொன்னவர் சங்கிலிமுத்துவேதான். எத்தனை தடவை கேட்டாலும் கிழமை, விநாடிக் கணக்கு மாறாமல், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலச் சொல்வார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. அப்படி ஒரு நாளை வாழ்ந்த மனிதன் இவ்வளவு வறட்சியாகவா சொல்வான் என்பதுதான் என் சந்தேகம். மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் வேறு.

போன வாரம் பேருந்து நிலையத்தில் மறுபடி சொன்னார். வாலை மிதிக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, எதிரே நின்ற பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்தார். முழுதாகப் படித்து முடித்து, இன்னொரு தடவை படித்தார்.

நான் கேட்டேன்:

“ஏட்டையா, இத்தனை வருஷமா என்கிட்ட இதைச் சொல்லும்போதெல்லாம் அடக்கிக்கிட்டுத்தான் இருந்தீங்களா?”