பேராயரின் ஒன்பதாவது அற்புதம்

பேராயர் வுல்ஃப்நோத் செத்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவரைப் புனிதராக்கிவிட அவருடைய ஆட்கள் துடித்தார்கள். பழைய இங்கிலாந்தின் ஒரு கன்னியர் மடத்துக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு படியெடுக்க வந்தது. கொண்டுவந்தவர், அதை எழுதிய டன்வின் என்ற துறவி.

மடத்துத் தலைவி வின்ஃப்ரிதாவின் சிஷ்யை ஹில்டிதா, ஆட்டுத்தோலில் எட்டு அற்புதங்களை எழுதி முடித்தாள். ஒன்பதாவதைப் படித்ததும் இறகுப் பேனாவை வீசியெறிந்தாள்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் தலைவி.

"'பேராயர் ஒரே குளிர்காலத்தில் திருச்சபையைச் சுத்தம் செய்தார். ஒருவர் கண்ணிலும் நீர் வரவில்லை.' சுத்தமாம்! பாதிரியார்களின் மனைவிமாரைத் துரத்தியதற்குப் பெயர் சுத்தமாம்! என் அப்பாவும் பாதிரியார்தான். அவரிடம், கோயிலா பெண்டாட்டியா என்று பேராயர் கேட்டார். அப்பா கோயில் என்றார். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பனியில் நடந்தாள். வேலியோரம் விழுந்தவள் எழவேயில்லை. இதை நான் எழுதணுமா, தாயே?"

டன்வின் சிரித்தார். "உன்னை யார் வாதாடக் கூப்பிட்டார்கள், சகோதரி? பார்த்து எழுதினால் போதும்."

"நான் பார்த்துத்தான் எழுதுகிறேன். பார்க்காமல் எழுதியது நீங்கள்."

வின்ஃப்ரிதா குனிந்து பேனாவை எடுத்தார். உடைந்த முனையைச் சீவி அவளிடம் நீட்டினார்.

"எழுது."

ஹில்டிதா பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள். "நீங்களும் அவர் பக்கம்தானா?"

"ஒவ்வொரு அற்புதத்துக்கும் கீழே என்ன எழுதினாய்?"

"நேரில் பார்த்தவர் பெயர். அதுதானே வழக்கம்."

"ஒன்பதாவதற்கு?"

"இவர்கள் யார் பெயரையும் தரவில்லை."

"பார்த்தவர் பெயர் இல்லாத அற்புதம் செல்லுமா, டன்வின்?"

துறவி தாடையைத் தடவினார். "செல்லாதுதான். ஆனால்..."

ஹில்டிதா ஒரு சொல் விடாமல் அந்த வரியை எழுதினாள். அதன் கீழே எழுதினாள்: 'நேரில் பார்த்தவர்கள்: பாதிரியார் மனைவி லியோவா, பனியில் செத்தாள். அவள் மகள் ஹில்டிதா, அழுதாள்.'

டன்வின் முகம் சிவந்தது. "தோலில் எழுதியதுதானே! ஒரு கத்தி போதும், சுரண்டி எடுத்துவிடுவோம்."

ஹில்டிதாவின் கை நின்றது. "செய்வார்கள், தாயே. அப்புறம் அம்மா பெயர் எங்கே இருக்கும்?"

"இன்னும் அழுத்தி எழுது," என்றார் வின்ஃப்ரிதா. "ஓட்டை போடாமல் அவர்களால் அதை எடுக்க முடியக் கூடாது."