மூடியில் தேதி போட்ட குழாய்

"பிலோமினாவுக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் மேடம் கொடுக்கல?"

அங்கயற்கண்ணி கதவைத் தட்டவில்லை. வணக்கம் சொல்லவில்லை. நேரே வந்து இதைத்தான் கேட்டாள்.

ஹாஜிரா மேடம் டிபன் டப்பாவைத் திறந்தபடி நிமிர்ந்தார்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்று. கல்லூரியில் பதினைந்து வருஷம் பாடம் நடத்திவிட்டு, டாக்டர் பட்டம் இல்லாமல் இனி வேலை நிலைக்காது என்றான பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவள். முருங்கை விதையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். ஐந்து வருஷமாக அது பிடி கொடுக்கவில்லை. மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

"நான் அவளுக்கு என்ன கொடுத்தேன்?"

"அவ மேசையில ஒரு சோதனைக் குழாய் நிக்குதே, தண்ணி மாதிரி ஏதோ இருக்கு உள்ள. மூடியில உங்க கையெழுத்துல தேதி போட்டிருக்கு."

"ஓ, அதுவா?" மேடம் சிரித்தார். "சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

"எத்தனை நாளா?"

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன கேக்குறீங்க!"

மேடம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

*

பிலோமினா இவளுக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவள். அதற்குள் இரண்டு கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உழைத்து முன்னேறினாள் என்றாலாவது மனசு ஆறும். அவளோ ஐந்து மணி அடித்தால் பந்து விளையாடக் கிளம்பிவிடுவாள், தோளில் மட்டையோடு. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் அரைமணி நேரம் ரசித்துச் சாப்பிடுவாள்.

அங்கயற்கண்ணிக்குத் தீபாவளியும் லேபில்தான், பொங்கலும் லேபில்தான். பன்னும் டீயும்தான் சாப்பாடு. தலைவாரினால் சீப்போடு முடி வருகிறது. பிரஷர் மாத்திரை போட்டாளா இல்லையா என்பது சாயங்காலம் மறந்துவிடும்.

வயிறு எரிந்துகொண்டே இருந்தது. பாதி அல்சர், பாதி பிலோமினா.

அந்தக் குழாயில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டினாள். மேடம் எதையோ ரகசியமாக அவளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால் இது எப்படி நடக்கும்?

ஒரு நாள் பிலோமினா விளையாடப் போனதும் குழாயை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். திருடினேன் என்று சொல்லக் கூசியது. பரிசோதனைக்கு எடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான்கு நாள். புரதம் இருக்கிறதா என்று பார்த்தாள். சர்க்கரை பார்த்தாள், உப்புப் பார்த்தாள், அமிலம் பார்த்தாள். இவளுடைய முருங்கை விதைச் சாறு குளிர்பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்தது.

"அக்கா, எங் குழாயப் பாத்தியளா?"

பிலோமினா மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியும்?"

நிமிராமலே சொன்னாள் அங்கயற்கண்ணி. மாணவிகள் பொய் சொன்னால் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவள் அவள்.

"மொகமெல்லாம் வாடிக் கெடக்கே, அக்கா. சாப்பிட வாங்க. அம்மா சுறாப் புட்டு வச்சு விட்டிருக்கா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

*

ஐந்தாம் நாள் சாயங்காலம் குழாயை மேடத்தின் மேசையில் வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டேன். தண்ணி மேடம் இது. வெறும் தண்ணி!"

"ஆமா."

"வெறும் தண்ணிய யாராவது தேதி போட்டுக் கொடுப்பாங்களா? என்கிட்ட எதை மறைக்கிறீங்க?"

மேடம் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க சாறு கெட்டுப்போகப் போகுது. அதை முதல்ல மெஷின்ல வச்சுச் சுத்த விடுங்க. அப்புறம் பேசலாம்."

லேப் மூலையில் சென்ட்ரிஃபியூஜ் இருந்தது. சாற்றைக் குழாயில் ஊற்றி உள்ளே வைத்தால், நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிக் கசடையெல்லாம் அடியில் தள்ளிவிடும். துறையிலேயே வயதான மெஷின். இன்னொன்று வாங்கும் வழி இப்போதைக்கு இல்லை.

அங்கயற்கண்ணி சாற்றை ஊற்றினாள். குழாயை வைத்தாள். மூடினாள். சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

மேடத்தின் கை அதற்கு முன்பே சுவிட்சின் மேல் இருந்தது.

"திறந்து பாருங்க."

திறந்தாள்.

ஒரே ஒரு குழாய். அதற்கு நேர் எதிரே இருக்கும் குழி காலி.

ஒரு பக்கம் மட்டும் கனம் வைத்துச் சுழலவிட்டால் மெஷின் மேசையோடு சேர்ந்து ஆடும். அச்சு முறியும். எதிரே அதே எடையில் இன்னொரு குழாய் வைத்தாக வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமே இதுதான். இங்கே அதை நடத்துகிறவளே அங்கயற்கண்ணிதான். இதை மறந்ததற்காகப் போன மாதம் ஒரு பெண்ணை அழவிட்டாள்.

"ஐயையோ, மேடம்..."

மேடம் கையிலிருந்த குழாயை நீட்டினார்.

அதில் முக்கால்வாசிதான் இருந்தது. மீதியை அவள்தான் பரிசோதனையில் தீர்த்திருந்தாள். இரண்டு குழாயையும் தராசில் வைத்தாள். குறைந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவசரத்தில் இரண்டு தரம் கூடிப்போய், திரும்ப எடுத்து, மூன்றாம் தரம்தான் எடை சரியாக நின்றது.

எதிர்க்குழியில் வைத்து மூடினாள். மேடம் சுவிட்சைப் போட்டார்.

மெஷின் சத்தமில்லாமல் சுழன்றது. பக்கத்தில் இருந்த டீ கிளாஸ்கூட அசையவில்லை.

"மூடியில இருக்கற தேதி என்ன தேதின்னு தெரியுமா?"

"தெரியாது."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால பிலோமினா இதே இடத்துல மயங்கி விழுந்தாளே. மூணு நாள் டிரிப்ஸ் ஏத்திக்கிட்டுத் திரும்பி வந்த அன்னைக்கு."

அங்கயற்கண்ணிக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கத் தனக்கு நேரம் இல்லாமல் போனதும் ஞாபகம் வந்தது.

"வந்ததும் என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? மூணு நாள் வீணாப் போச்சு, இனிமே ஞாயித்துக்கிழமையும் வரட்டுமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. குழாயைக் கொடுத்தேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. ஒரு பக்கம் உங்க அஞ்சு வருஷ உழைப்பு சுத்துது, சரி. எதிர்ல வெறும் தண்ணி. அது எதுக்கு வீணா? எடுத்துடலாமா?"

மேடத்தின் கை மெஷின் மூடிப்பக்கம் போனது.

"வேணாம் மேடம்!"

அங்கயற்கண்ணி இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டாள். உள்ளே சுழல்வது உள்ளங்கையில் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

மேடம் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஐந்து மணி. பிலோமினா மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, அழுவுதியளா?"

"உன் குழாய் இதுக்குள்ளதான் இருக்கு, பிலோமினா. நான்தான் எடுத்தேன்."

பிலோமினா மெஷினைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மட்டையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

மெஷின் மெல்ல வேகம் குறைந்து நின்றது.

"உன் டப்பாவுல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி. "பசிக்குது."